தமிழ் ஆய்விதழ் இணையச் செயலிகளில் உந்து அறிவிப்புகளை அமைத்தல்: தொழில்நுட்பமும் தமிழ்த் தொடரமைப்பும்

ஆய்வுச் சுருக்கம்

இணையச் செயலியொன்று மூடப்பட்டிருக்கும் நிலையிலும் பயனரின் கருவிக்குச் செய்தி அனுப்பும் வசதியை உந்து அறிவிப்பு என்பர். இவ்வசதியைத் தமிழ் ஆய்விதழொன்றின் இணையத்தளத்தில் நிறுவும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. அனுமதி பெறுதல், பெறுநர்ப் பதிவு, சாவி இணை, மறையாக்கம், செய்தியின் ஆயுள் ஆகியன எல்லா மொழிகளுக்கும் பொதுவானவை. ஒருங்குறித் தமிழின் பைட் அளவு, எழுத்தின் இடையில் வெட்டுப்படுதல், எழுத்துருச் சிதைவு, வினைமுற்றை இறுதியில் கொள்ளும் தொடரமைப்பு ஆகியன தமிழில் தனிக்கவனம் வேண்டுபவை. பின்னவற்றுக்கே கட்டுரை மிகுதியான இடம் தருகிறது.

திறவுச்சொற்கள்: உந்து அறிவிப்பு, இணையச் செயலி, ஒருங்குறி, பின்னணிப் பணிநிரல், மறையாக்கம், ஆய்விதழ்.

முன்னுரை

ஆய்விதழ் ஒன்றுக்கும் அதன் ஆசிரியர், மதிப்பீட்டாளர், வாசகர் ஆகியோருக்கும் இடையிலான தொடர்பு இன்று பெரும்பாலும் மின்னஞ்சலைச் சார்ந்துள்ளது. மதிப்பீட்டுக்கான அழைப்பு தேவையற்ற அஞ்சல்களின் உறைக்குள் விழுந்துவிட்டால், அழைக்கப்பட்டவர் அதனைக் காணாமலே காலக்கெடு கடந்துவிடும். கட்டுரை அனுப்பியவரோ மாதக்கணக்கில் காத்திருப்பார். பதவி உயர்வுக்கும் முனைவர் பட்ட ஆய்வேட்டுச் சமர்ப்பிப்புக்கும் வெளியீடு இன்றியமையாததாகிவிட்ட சூழலில் இத்தாமதம் சிறிய இழப்பன்று. மின்னஞ்சலுக்குத் துணையாக மற்றொரு வழியும் இருத்தல் வேண்டும் என்ற தேவையிலிருந்தே உந்து அறிவிப்பு பற்றிய ஆர்வம் எழுகிறது.

வழக்கமான இணையத் தொடர்பில் உலாவி கேட்கும், வழங்கி விடையளிக்கும். கேட்காதபோது வழங்கி பேசுவதற்கு வழியில்லை. உந்து அறிவிப்பு இம்முறையைத் தலைகீழாக்குகிறது. கைப்பேசிச் செயலிகளுக்கு இவ்வசதியை ஆப்பிள் நிறுவனம் 2009ஆம் ஆண்டிலும் கூகுள் நிறுவனம் 2010ஆம் ஆண்டிலும் தந்தன. இணையத்தளங்களுக்கு, 2015 ஏப்ரலில் வெளிவந்த குரோம் 42ஆம் பதிப்பும் 2016 ஜனவரியில் வெளிவந்த ஃபயர்பாக்ஸ் 44ஆம் பதிப்பும் பொதுத் தரமுறை ஒன்றை நோக்கி வழிதிறந்தன. செய்தியை வழங்கும் நெறிமுறை 2016 டிசம்பரில் ஆர்எஃப்சி 8030 என்ற ஆவணமாகவும், மறையாக்க நெறிமுறையும் அனுப்புநர் அடையாள நெறிமுறையும் 2017 நவம்பரில் முறையே ஆர்எஃப்சி 8291, 8292 ஆகிய ஆவணங்களாகவும் வெளியிடப்பட்டன. ஆகவே இன்று ஓர் ஆய்விதழ் தனிச் செயலி எதனையும் உருவாக்காமல், கடைத்தளங்களின் ஒப்புதலுக்குக் காத்திராமல், தன் இணையத்தளத்திலிருந்தே அறிவிப்பு அனுப்ப இயலும்.

மூன்று தரப்புகள்

இவ்வமைப்பில் மூன்று தரப்புகள் உள்ளன. ஒன்று, பயனரின் உலாவி. இரண்டு, ஆய்விதழின் வழங்கி. இவ்விரண்டிற்கும் இடையில் நிற்பது உந்துசேவை. குரோமுக்குக் கூகுளும், ஃபயர்பாக்ஸுக்கு மொசில்லாவும், எட்ஜுக்கு மைக்ரோசாஃப்டும், சஃபாரிக்கு ஆப்பிளும் உந்துசேவையை நடத்துகின்றன. எந்த உந்துசேவை என்பதை ஆய்விதழ் தேர்ந்தெடுப்பதில்லை, உலாவியே தீர்மானிக்கிறது. ஆய்விதழ் தரும் செய்தி முதலில் உந்துசேவையை அடைகிறது. கருவி இணைப்பில் இருந்தால் உடனே சேர்க்கப்படுகிறது. இல்லையெனில் காத்திருக்க வைக்கப்படுகிறது. அஞ்சல் நிலையத்தோடு ஒப்பிடலாம் எனினும் ஒரு வேறுபாடு உண்டு: இந்த அஞ்சல் நிலையத்தைத் தேர்ந்தெடுத்தவர் பெறுநரின் கருவியை உருவாக்கியவரே.

உலாவியின் பக்கத்தில் செய்தியைப் பெறுவது திறந்திருக்கும் பக்கம் அன்று. சர்வீஸ் ஒர்க்கர் எனப்படும் பின்னணிப் பணிநிரல். இது தனிக்கோப்பாக எழுதப்படுகிறது. பக்கம் மூடப்பட்ட பின்னும் பதிவில் இருக்கும். செய்தி வரும்போது மட்டும் விழித்தெழுந்து, பணி முடிந்ததும் உறங்கிவிடும். பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் இணைப்பில் இயங்கும் தளங்களுக்கு மட்டுமே இவ்வசதி உண்டு. உருவாக்குநரின் சொந்தக் கணினியில் சோதிப்பதற்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. பணிநிரல் கோப்பு வைக்கப்படும் கோப்புறையே அதன் ஆட்சி எல்லையை வரையறுப்பதால், அதனைத் தளத்தின் முதன்மைக் கோப்புறையில் வைப்பதே நன்று. உட்கோப்புறை ஒன்றில் வைத்துவிட்டு, ஏற்கெனவே திறந்துள்ள பக்கத்தை அறிவிப்பால் முன்கொணர முடியவில்லையே என்று தேடுவோர் பலர்.

அனுமதி கேட்கும் தருணம்

அனுமதிக்கு மூன்று நிலைகள் உண்டு: இன்னும் கேட்கப்படாத நிலை, அளிக்கப்பட்ட நிலை, மறுக்கப்பட்ட நிலை. மூன்றாவது நிலையை அடைந்துவிட்டால் தளம் மீண்டும் கேட்க இயலாது. பயனரே உலாவியின் அமைப்புகளுக்குள் சென்று மாற்றினாலன்றி வழியில்லை. அவ்வாறு மாற்றுவோர் அரியர். ஆதலின் அனுமதி கேட்பது ஒரே ஒரு முறை கிடைக்கும் வாய்ப்பு என்று கருதிச் செயற்படல் வேண்டும்.

முகப்புப் பக்கம் திறந்தவுடனே அனுமதிப் பெட்டியைக் காட்டும் வழக்கம் இவ்வசதியின் நற்பெயரையே கெடுத்தது. ஃபயர்பாக்ஸ் உலாவியில் காட்டப்பட்ட அனுமதிப் பெட்டிகளில் ஏறத்தாழ 99 விழுக்காடு ஏற்கப்படாமல் போயின என மொசில்லா 2019ஆம் ஆண்டில் அறிவித்தது. அதன் விளைவாக 2020 ஜனவரியில் வெளிவந்த ஃபயர்பாக்ஸ் 72ஆம் பதிப்பு முதல், பயனர் பக்கத்தில் ஏதேனும் ஒரு செயலைச் செய்த பின்னரே அனுமதிப் பெட்டி தோன்றுகிறது. அடுத்த மாதமே குரோமும் ஓசையற்ற அனுமதிப் பெட்டியை அறிமுகப்படுத்தியது.

ஆய்விதழுக்கு உகந்த தருணங்கள் தாமாகவே அமைகின்றன. கட்டுரையைப் பதிவேற்றி முடித்த ஆசிரியருக்கு, “மதிப்பீட்டு முடிவு வந்ததும் இக்கருவியில் தெரிவிக்கலாமா?” என்ற வினா பொருளுடையது. மதிப்பீட்டை ஏற்றுக்கொண்டவருக்குக் காலக்கெடு நினைவூட்டல் பொருளுடையது. முதலில் தளத்தின் சொந்தப் பக்கத்திலேயே தமிழில் இவ்வினாவை எழுப்பி, ‘ஆம்’ என்பதை அழுத்திய பின் மட்டுமே உலாவியின் அனுமதிப் பெட்டியை வரவழைத்தல் வேண்டும். ‘இப்போது வேண்டா’ என்று கூறியவரின் உலாவியில் அனுமதி இன்னும் கேட்கப்படாத நிலையிலேயே நிற்கும். பிறிதொரு நாளில் கேட்க வழி இருக்கும்.

பெறுநர்ப் பதிவும் சாவி இணையும்

அனுமதி கிடைத்தபின் பணிநிரலின் உந்து மேலாளரிடம் பதிவு கோரப்படுகிறது. கோரும்போது இரண்டு செய்திகளைத் தர வேண்டும். ஒன்று, வரும் செய்தி ஒவ்வொன்றும் பயனரின் கண்ணுக்குத் தெரியும் அறிவிப்பாகக் காட்டப்படும் என்ற உறுதிமொழி. இதனை மீறிச் செய்தியை மறைவாகப் பெற்றால், குரோம் தானே ஒரு பொது அறிவிப்பைக் காட்டிவிடும். தளம் பின்னணியில் புதுப்பிக்கப்பட்டது என்ற அச்செய்தி பயனரை ஐயுறச் செய்யும். மற்றொன்று, ஆய்விதழின் பொதுச்சாவி.

இப்பொதுச்சாவி வேப்பிட் எனப்படும் அடையாள நெறிமுறையைச் சேர்ந்தது. பி-256 என்னும் நீள்வட்ட வளைவின் அடிப்படையில் ஒரு முறை உருவாக்கப்படும் சாவி இணையில் பொதுச்சாவி 65 பைட் நீளமுடையது. தனிச்சாவி 32 பைட் நீளமுடையது. பொதுச்சாவி உலாவிக்குத் தரப்படும். தனிச்சாவி வழங்கியை விட்டு வெளியேறலாகாது. செய்தி அனுப்பும் ஒவ்வொரு முறையும் வழங்கி தனிச்சாவியால் கையொப்பமிட்ட சிறு சான்று ஒன்றை இணைக்கிறது. எந்த உந்துசேவைக்கு உரியது, எப்போது காலாவதியாகும், சிக்கல் எழுந்தால் யாரைத் தொடர்புகொள்வது ஆகியவை அதில் இடம்பெறும். காலாவதி 24 மணி நேரத்தைத் தாண்டலாகாது. வழங்கியின் கடிகாரம் பிழையாக இருப்பின் முறையாகக் கையொப்பமிட்ட சான்றும் தள்ளுபடியாகலாம் என்பதைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

தனிச்சாவி இழக்கப்பட்டால் அதனோடு பிணைக்கப்பட்ட பெறுநர்ப் பதிவுகள் அனைத்தும் பயனற்றுப் போகும். தளத்தைப் பராமரிக்கும் ஒப்பந்ததாரர் மாறும்போதும், வழங்கி மாற்றப்படும்போதும் தரவுத்தளம் நகலெடுக்கப்படுகிறது; அமைப்புக் கோப்பில் இருந்த சாவி மறக்கப்படுகிறது. பெயர்களும் முகவரிகளும் அட்டவணையில் அப்படியே இருக்க, ஒருவருக்கும் செய்தி சென்று சேராத நிலை அப்போது உருவாகும். சாவி இணையின் நகலை ஆசிரியர் குழுவின் பொறுப்பில் தனியே பாதுகாத்தல் இதற்கு எளிய தீர்வாகும்.

பதிவு வெற்றிபெற்றால் உலாவி மூன்று மதிப்புகளைத் திருப்பித் தரும்: உந்துசேவையில் அப்பெறுநருக்கு உரிய முகவரி, மறையாக்கத்திற்கான பொதுச்சாவி, 16 பைட் நீளமுள்ள மறைமதிப்பு. இம்மூன்றையும் வழங்கி தன் தரவுத்தளத்தில் பயனர் கணக்கோடு இணைத்துச் சேமிக்கிறது. ஒருவரே கைப்பேசியிலும் கணினியிலும் அனுமதி அளித்திருக்கலாம்; எனவே ஒரு கணக்குக்குப் பல பதிவுகள் அமைய இடந்தர வேண்டும். உலாவி அனுப்பியதாக வரும் முகவரியை ஆராயாமல் ஏற்றல் ஆகாது. அறியப்பட்ட உந்துசேவைகளின் முகவரிதானா எனச் சரிபார்க்காவிடில், ஆய்விதழின் வழங்கியைக் கொண்டே வேறொரு கணினியைத் தட்டச்செய்யும் சூழ்ச்சிக்கு வாயில் திறந்ததாகும்.

மறையாக்கமும் நீளம் சொல்லும் செய்தியும்

செய்தியின் உள்ளடக்கம் பெறுநரின் பொதுச்சாவியைக் கொண்டு மறையாக்கம் செய்யப்பட்டே அனுப்பப்படுகிறது. இடையில் நிற்கும் உந்துசேவையால் அதனைப் படிக்க இயலாது. எவருக்கு, எப்போது, எவ்வளவு நீளமான செய்தி சென்றது என்பதை மட்டும் அது அறியும். ‘எவ்வளவு நீளம்’ என்பது அற்பமானதாகத் தோன்றலாம். எனினும் ‘ஏற்கப்பட்டது’ என்ற சொல் ஒருங்குறியில் 36 பைட். ‘நிராகரிக்கப்பட்டது’ என்ற சொல் 54 பைட். செய்தியின் பிற பகுதிகள் மாறாதிருப்பின், 18 பைட் வேறுபாட்டிலிருந்தே முடிவை ஊகித்துவிடலாம். இதனை எதிர்நோக்கியே ஆர்எஃப்சி 8291 நெறிமுறை, செய்தியின் பின்னே வெற்று பைட்டுகளைச் சேர்த்து நீளத்தை மறைக்க இடமளிக்கிறது.

ஆய்விதழைப் பொறுத்தவரை இதனினும் பெரிய கசிவு பூட்டுத்திரையில் நிகழ்கிறது. அறிவிப்பு என்பது கருவி பூட்டப்பட்டிருக்கும்போதும் திரையில் தோன்றக்கூடியது. துறை அறையின் மேசைமேல் வைக்கப்பட்ட கைப்பேசியில் ‘இன்னார் எழுதிய இன்ன கட்டுரையை மதிப்பிட வேண்டுகிறோம்’ என்ற வரி தோன்றினால், இருபுற மறைவு மதிப்பீடு அந்நொடியே பொருளிழக்கிறது. எவ்வளவு வலிய மறையாக்கமும் இதனைத் தடுக்காது. ஆகவே, அறிவிப்பில் கட்டுரை எண்ணும் செயலின் தன்மையும் மட்டும் இடம்பெற்று, பெயரும் தலைப்பும் முடிவும் உள்நுழைந்த பின்னரே தெரியுமாறு அமைத்தல் வேண்டும். ‘தங்கள் கட்டுரை குறித்த முடிவு வந்துள்ளது’ என்பதே போதுமானது. அவ்வாறு அமைப்பின் மேற்குறித்த நீள வேறுபாட்டுச் சிக்கலும் எழாது.

ஒருங்குறித் தமிழின் பைட் கணக்கு

உந்துசேவைகள் 4,096 பைட் வரையிலான செய்தியைப் பெரிதென்று மறுத்தல் கூடாது என்பது ஆர்எஃப்சி 8030 விதிக்கும் கட்டளை. இதனில் மறையாக்கத்தின் தலைப்பகுதி 86 பைட்டையும், சரிபார்ப்புக் குறி 16 பைட்டையும், எல்லைக்குறி ஒரு பைட்டையும் எடுத்துக்கொள்ள, செய்திக்கு எஞ்சுவது 3,993 பைட். ஆங்கில உரைக்கு இது தாராளம். தமிழுக்கு நிலைமை வேறு.

யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறிப்புள்ளி ஒவ்வொன்றும் 3 பைட் கொள்ளும். தமிழ் இலக்கணம் ஓரெழுத்தாகக் கொள்ளும் உயிர்மெய்யையும் மெய்யையும் ஒருங்குறி பெரும்பாலும் இரண்டு குறிப்புள்ளிகளாகவே சேமிக்கிறது. ‘தமிழ்’ என்பது மூன்று எழுத்து; ஐந்து குறிப்புள்ளி; 15 பைட். ‘புதிய இதழ் வெளிவந்துள்ளது’ என்ற தொடர் 14 எழுத்துகளும் இரண்டு இடைவெளிகளும் கொண்டது; சேமிப்பில் 71 பைட். இதுவரை கவலைக்கு இடமில்லை.

சிக்கல் தொடங்குவது செய்தியை ஜேசன் வடிவில் பொதியும்போது. பிஎச்பி, பைத்தான் ஆகிய மொழிகளின் ஜேசன் கருவிகள், தனியே குறிப்பிடாவிட்டால், ஆஸ்கி அல்லாத குறிப்புள்ளி ஒவ்வொன்றையும் ஆறு ஆஸ்கிக் குறிகளாக விரித்து எழுதுகின்றன. 3 பைட் 6 பைட் ஆகிறது. மேற்காட்டிய தொடர் 71 பைட்டிலிருந்து 140 பைட் ஆகிறது. சொல்லொன்றுக்கு ஒன்பது குறிப்புள்ளியும் ஓர் இடைவெளியும் எனக் கொண்டு கணக்கிட்டால், விரிக்காத வடிவில் ஏறத்தாழ 142 தமிழ்ச் சொற்கள் இடம்பெறும். விரித்த வடிவில் 72 சொற்களே இடம்பெறும். கட்டுரைச் சுருக்கத்தையும் அறிவிப்போடு அனுப்ப விரும்பும் தளத்தில், ஆங்கிலச் சுருக்கங்கள் தடையின்றிச் செல்ல, தமிழ்ச் சுருக்கங்கள் மட்டும் 413 என்ற மறுமொழியுடன் திரும்பிவரக் காரணம் இதுவே. ஆய்விதழ்களுள் பல பயன்படுத்தும் ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ் மென்பொருள் பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது என்பதால் இக்குறிப்பு அவற்றுக்கு நேரடியாகப் பொருந்தும். ஒருங்குறியை விரிக்காது விடுமாறு பணிக்கும் விருப்பக்குறியைச் சேர்ப்பதே தீர்வு. பைத்தானில் ஆஸ்கியை உறுதிசெய்யும் அளவுருவை ‘பொய்’ என மாற்ற வேண்டும். ஜாவாஸ்கிரிப்டின் ஜேசன் கருவி தமிழை விரிப்பதில்லை.

எழுத்தின் இடையில் விழும் வெட்டு

நீண்ட தலைப்பைச் சுருக்கும் நிரல் எவ்விடத்தில் வெட்டுகிறது என்பது அடுத்த வினா. பைட் எண்ணிக்கையால் வெட்டும் நிரல், மூன்று பைட் கொண்ட குறிப்புள்ளியின் நடுவே வெட்டிவிடக்கூடும். அவ்வாறு குறைபட்ட உரையைப் பிஎச்பியின் ஜேசன் கருவிக்குத் தந்தால் அது பிழையுடைய ஒருங்குறி எனக் கண்டு எதனையும் தராது ‘பொய்’ என்ற மதிப்பைத் திருப்பும். விளைவாக அறிவிப்பு முழுவதும் வெறுமையாகிறது. ஆங்கிலத் தலைப்புகளால் மட்டும் சோதித்த நிரலில் இப்பிழை வெளிப்படுவதே இல்லை.

குறிப்புள்ளி எண்ணிக்கையால் வெட்டும் நிரல் இப்பேரிடரைத் தவிர்க்கும். ஆனால் தமிழெழுத்தைக் காப்பதில்லை. ‘தொல்காப்பியம்’ என்ற சொல் 13 குறிப்புள்ளி, ஏழு எழுத்து. பன்னிரண்டாம் குறிப்புள்ளியில் வெட்டினால் புள்ளி இழந்து ‘தொல்காப்பியம’ என நிற்கும். ஐந்தாம் குறிப்புள்ளியில் வெட்டினால் ‘தொல்க’ எனக் கால் இழந்து நிற்கும். கணினி இதனைப் பிழையாகக் கருதாது. ஏனெனில் அதன் கணக்கில் அவை முறையான குறிப்புள்ளிகளே. எழுத்துக்கொத்து அடிப்படையில் வெட்டும் கருவிகளைப் பயன்படுத்துவதே தக்கது. பிஎச்பியில் இன்டல் நீட்சியின் கிராஃபீம் செயற்கூறுகளும், உலாவிகளில் இன்டல் செக்மென்டர் என்ற கருவியும் இதற்கு உதவும். இவையும் ‘க்ஷ’ என்பதைக் ககரமெய், ஷகரம் என இரண்டாகவே கொள்ளும். நன்னூலாரின் எழுத்துக் கணக்கையும் ஒருங்குறியின் எழுத்துக்கொத்துக் கணக்கையும் ஒன்றெனக் கொண்டு நிரல் எழுதுவோர் கிரந்தக் கூட்டெழுத்துகளில் மட்டும் சிறிது விழிப்புடன் இருத்தல் நலம்.

எழுத்துரு தளத்தினுடையதன்று

இணையப் பக்கத்தில் தளம் தன் எழுத்துருவைத் தானே கொண்டுவரலாம். அறிவிப்பை வரைவதோ இயங்குதளம். விண்டோஸில் நிர்மலா யுஐ, ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ் என அக்கருவியில் உள்ள எழுத்துருவே பயன்படும். எனவே, பழைய எட்டு பிட் குறியாக்கத்தில் சேமிக்கப்பட்டு, உரிய எழுத்துருவின் துணையால் மட்டும் தமிழாகத் தோன்றிவந்த தலைப்புகள் அறிவிப்பில் பொருளற்ற ரோமன் எழுத்துக் கோவைகளாகவே காட்சியளிக்கும். பாமினி, டாப், டாம், டிஸ்கி ஆகிய குறியாக்கங்களில் தொகுக்கப்பட்ட முந்தைய இதழ்களின் தரவுகளை ஒருங்குறிக்கு மாற்றாமல் அறிவிப்போடு இணைத்தல் ஆகாது. தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டில் ஒருங்குறியோடு ஏற்பளித்த டேஸ்-16 குறியாக்கமும் ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்தது என்பதால், அதற்குரிய எழுத்துரு நிறுவப்படாத கருவிகளில் வெற்றுக் கட்டங்களே தோன்றும்.

வினைமுற்று இறுதியில் நிற்கும் மொழி

அறிவிப்பில் எத்தனை எழுத்து தோன்றும் என்பது கருவிக்குக் கருவி வேறுபடும். எஞ்சிய பகுதி முப்புள்ளியாக மறைந்துவிடும். மறைவது எப்போதும் தொடரின் இறுதியே. ஆங்கிலத் தொடரில் எழுவாயும் வினையும் முன்னே நிற்பதால் இறுதியில் மறைவது பெரும்பாலும் இடமோ காலமோ ஆகும். தமிழில் மறைவது வினைமுற்று. அதனோடு காலமும் எதிர்மறையும்.

‘மார்ச் 15 அன்று நடைபெறவிருந்த பன்னாட்டுக் கருத்தரங்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது’ என்ற தொடர் முதற்பாதியோடு மறைந்தால், படிப்பவர் கருத்தரங்கு நடைபெறுவதாகவே எண்ணக்கூடும். ‘தங்கள் திருத்தப்படி இன்னும் பெறப்படவில்லை’ என்பது ‘தங்கள் திருத்தப்படி இன்னும் பெறப்பட’ என்பதோடு நின்றால் உடன்பாடா எதிர்மறையா என்பது தெரியாது. இது நிரலாளர் திருத்தக்கூடிய பிழையன்று; தொடரை எழுதுபவரே திருத்த வேண்டியது. செய்தித்தாள் தலைப்பெழுதுவோர் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் தொழிற்பெயர் வழக்கு இங்குக் கைகொடுக்கிறது. ‘கருத்தரங்கு ஒத்திவைப்பு: மார்ச் 15 நிகழ்வு பின்னர் நடைபெறும்’ என எழுதினால், எங்கு வெட்டுப்பட்டாலும் முதன்மைச் செய்தி நிலைக்கும். ‘திருத்தப்படி நிலுவை’, ‘காலக்கெடு நீட்டிப்பு’, ‘மதிப்பீடு நிறைவு’ என்னும் இருசொல் தலைப்புகள் அறிவிப்பின் தலைப்பு வரிக்கு ஏற்றவை. எதிர்மறைப் பொருளை வினையின் விகுதியில் வையாமல் ‘நிலுவை’, ‘மறுப்பு’, ‘இன்மை’ போன்ற பெயர்ச்சொல்லில் வைத்தல் தமிழறிவிப்புக்குரிய தனி நெறி எனலாம்.

ஆயுள், தலைப்பு, மறுமொழி

ஒவ்வொரு செய்தியோடும் அதன் ஆயுளை நொடிக்கணக்கில் குறிப்பிடுதல் கட்டாயம். சுழியம் என்றால் அந்நொடியில் சேர்க்க இயலாவிடில் கைவிடுக என்பது பொருள். காலக்கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது அனுப்பும் நினைவூட்டலுக்கு 2,59,200 நொடியே உச்ச ஆயுள். அதற்குமேல் வாழ்ந்தால் கெடு முடிந்தபின் வந்து பெறுநரை வருத்தும். புதிய இதழ் பற்றிய அறிவிப்பு ஒரு வாரம், அதாவது 6,04,800 நொடி, காத்திருக்கலாம்.

இன்னும் சேர்க்கப்படாத பழைய செய்தியைப் புதியதால் பதிலீடு செய்ய, இரண்டிற்கும் ஒரே பொருட்குறியைத் தரலாம். இக்குறி 32 குறிகளைத் தாண்டலாகாது. ரோமன் எழுத்து, எண், இடைக்கோடு, அடிக்கோடு ஆகியவற்றால் மட்டுமே அமைதல் வேண்டும். தமிழ்ப் பெயரை இதில் இடுதல் இயலாது. கருவியில் ஏற்கெனவே தோன்றிய அறிவிப்பைப் பதிலீடு செய்யும் ஒட்டுக்குறி வேறு. அதில் தமிழ் இடம்பெறலாம். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிக் குழம்புதல் இயல்பாக நிகழ்வது.

உந்துசேவை செய்தியை ஏற்றதும் 201 என விடையளிக்கும். அது கருவியில் சேர்ந்ததற்கான சான்றன்று. 404 அல்லது 410 என வந்தால் அப்பதிவு இறந்துவிட்டது. உடனே நீக்குதல் வேண்டும். 429 என வந்தால் குறிப்பிட்ட நேரம் பொறுத்து மீண்டும் முயல வேண்டும். கணினிகளில் குரோம் உலாவி இயங்கிக்கொண்டிருந்தால்தான் அறிவிப்பு தோன்றும். ஐஃபோனில் 2023 மார்ச்சில் வெளிவந்த 16.4ஆம் பதிப்பு முதல் இவ்வசதி உண்டு. ஆயினும் பயனர் தளத்தை முகப்புத் திரையில் சேர்த்து அங்கிருந்து திறந்தால் மட்டுமே அனுமதி கேட்க இயலும். ஐஃபோன் வைத்திருப்போர்க்கு இப்படிநிலையைத் தமிழில் படத்துடன் விளக்கும் ஒரு பக்கம் தேவைப்படும்.

ஒப்புதலும் விலகலும்

பயனர் கணக்கோடு இணைக்கப்பட்ட பெறுநர்ப் பதிவு தனிநபர் தரவாகும். இந்தியாவின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, ஒப்புதல் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை வழங்கப் பணிக்கிறது. ஒப்புதல் அளித்தல் எவ்வளவு எளிதோ, அதற்கு ஒப்ப அதனைத் திரும்பப் பெறுதலும் எளிதாக இருத்தல் வேண்டும் என்கிறது. தளத்தின் கணக்குப் பக்கத்தில் ஒரே சொடுக்கில் விலகும் பொத்தான் இருத்தல் இதனால் தேவையாகிறது. அப்பொத்தான் உலாவியின் பதிவையும் வழங்கியின் பதிவையும் ஒருங்கே நீக்குதல் வேண்டும். ஒன்றை மட்டும் நீக்கினால், விலகியவரின் முகவரி தரவுத்தளத்தில் தங்கிவிடும். அல்லது அவர் கருவி எவராலும் அழைக்கப்படாத பதிவைச் சுமந்திருக்கும்.

களப்பெயர் மாற்றத்தையும் முன்கூட்டியே எண்ணிப் பார்த்தல் வேண்டும். அனுமதியும் பணிநிரலும் பெறுநர்ப் பதிவும் தளத்தின் களப்பெயரோடு பிணைந்தவை. முன்னொட்டு ஒன்று கூடினாலோ குறைந்தாலோகூட உலாவி அதனை வேறு தளமாகவே கொள்ளும். பழைய பதிவுகளைப் புதிய களப்பெயருக்கு மாற்ற எவ்வழியும் இல்லை. எனவே இதழ் புதிய முகவரிக்குச் செல்லும்போது, பழைய களப்பெயரின் உரிமம் முடிவதற்கு முன் அதே சாவியைக் கொண்டு இறுதியாக ஓர் அறிவிப்பை அனுப்பி, அதனைத் தொடுவோர் புதிய தளத்தில் மீண்டும் அனுமதி அளிக்கும் பக்கத்தை அடையுமாறு செய்தல் வேண்டும்.